வலது கைப் பக்கத்து வீடுகள்

முத்துலிங்கபுரத்துத் தண்ணீர்த் தொட்டியை எந்த வருஷம் கட்டினார்கள் என்பது இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை, ஆனால் எங்கள் தெருவுக்கு வினை அந்தத் தொட்டியிலிருந்துதான் இறங்கி வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஊரில் உயரமாக நிற்பது அது ஒன்றுதான் என்பதால், சோப்புக் கம்பெனியானாலும் தேயிலைக் கம்பெனியானாலும் பற்பசைக் கம்பெனியானாலும், ஜனங்களின் கருத்தைக் கேட்டு வா என்று ஆள் அனுப்பும்போது, தொட்டியில் ஆரம்பி, வலது கைப் பக்கச் சுவரை ஒட்டியே நட, இருபது வீடு முடிந்ததும் நில் என்று ஒரே கட்டளையை அச்சடித்துக் கொடுத்து அனுப்பியது, ஒவ்வொரு கம்பெனியும் இந்தக் கட்டளை தனக்கு மட்டுமே தோன்றியது என்று நினைத்துக்கொண்டது, தொட்டியிலிருந்து வலது கைப் பக்கம் நடந்தால் வருவது எங்கள் தெருதான், எங்கள் தெருவின் வலது பக்கத்தில் இருப்பது சரியாக இருபது வீடு.

இடது பக்கமும் இருபது வீடுதான். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒருத்தர் வீட்டுக் கதவையும் ஒரு கம்பெனியும் தட்டியதில்லை. தெரு ரயில்வே சுவரில் முட்டி நின்றுவிடும், அதற்குள் அவர்கள் கணக்கு முடிந்துவிடும், திரும்பிப் போகும்போது நோட்டை மூடிவிட்டுப் போவார்கள்.

என் வீடு வலது பக்கம் பதினோராவது. எனக்கு நேர் எதிர்வீடு என் மச்சினன் சுடலைமணியுடையது, மைக் செட் வைத்திருக்கிறான், அவனைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லப் பிரியமில்லை. நான் நாலாங்கிளாஸ் வரை படித்தவன், முப்பத்தொரு வருஷம் மாவு மில்லில் நின்றவன், என்னை இந்த ஊரில் மில்லுக்கார அண்ணாச்சி என்பார்கள்.

முதலில் வந்தவள் ரூபி என்ற பெண். தோளில் பை, கழுத்தில் அட்டை, வெயிலில் வந்து, "அக்கா, பத்தே நிமிசந்தான்" என்றாள். என் மனைவி ஆவுடைத்தாய் அவளை உட்கார வைத்து மோர் கொடுத்தாள். பத்து நிமிஷம் என்றது ஒன்றரை மணி நேரமானது. ரூபி ஒரு அட்டையை நீட்டினாள், அதில் ஐந்து முகம் போட்டிருந்தது, ஒரு ஓரத்தில் அழுகிற முகம், இன்னொரு ஓரத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகம், நடுவில் அழவும் செய்யாத சிரிக்கவும் செய்யாத ஒரு முகம், அதன் கீழே 'ஓரளவு திருப்தி' என்று எழுதியிருந்தது. இந்தத் தேயிலையின் மணம் எந்த முகம், இந்தத் தேயிலையின் நிறம் எந்த முகம், இந்தப் பாக்கெட்டைப் பிரிப்பது எந்த முகம் என்று ரூபி கேட்கக் கேட்க, ஆவுடைத்தாய் கண்ணை மூடி யோசித்து, தேயிலையை எடுத்து முகர்ந்து, ஒவ்வொன்றுக்கும் நியாயமாகப் பதில் சொன்னாள்.

"மணத்துக்குச் சிரிக்கிற முகம் போட்டுக்கோம்மா. நெறத்துக்கு அதுக்கு முந்துன முகம். ஆனா இந்தப் பாக்கெட்டு ஓரம் கிழியவே மாட்டேங்கு, பல்லால கடிச்சாத்தான் உண்டு. அதுக்கு அழுவுற முகத்தப் போடு. கம்பெனிக்காரங்க கிட்டக் கண்டிப்பாச் சொல்லு."

"சொல்லிருதேன் அக்கா" என்றாள் ரூபி.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதும் அவள் அந்தப் பாக்கெட்டைப் பற்றியே பேசினாள். முப்பத்தெட்டு வருஷத்தில் என்னோடு பேசாத அளவு அந்த ரூபியோடு பேசியிருக்கிறாள் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஏழு வருஷம். மாதத்துக்கு இரண்டு பேர், சில மாதம் ஐந்து பேர். சோப்பு கரைகிற வேகம், ஷாம்பு நுரை, செல்போன் சிக்னல், நாப்கின், கொசுவர்த்தி, ஓட்டு யாருக்கு, நாடகம் எத்தனை மணிக்கு, ஒரே கேள்வியை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கேட்டார்கள், பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள், வலது பக்கத்து இருபது வீட்டிலும் பிளாஸ்டிக் டப்பா அடுக்கு அடுக்காக ஏறியது, ஆனால் தேயிலைப் பாக்கெட்டின் ஓரம் மட்டும் அதே மாதிரி கிழியாமல் இருந்தது. ஆவுடைத்தாய் முதல் வருஷம் விளக்கமாகச் சொன்னாள், இரண்டாம் வருஷம் சுருக்கமாகச் சொன்னாள், நாலாம் வருஷம் ரூபி வாயைத் திறக்கும் முன்பே நடுமுகத்தைத் தொட்டுக் காட்டினாள், ஆறாம் வருஷம் எல்லாக் கேள்விக்கும் மேலிருந்து கீழே ஒரே கோடாக நடுமுகத்தையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். தெருவெல்லாம் அப்படித்தான் செய்தது.

ஆடி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலையில், பக்கத்து வீட்டுச் செல்வராணி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மதினி, இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்டாள். ஆவுடைத்தாய், "ஓரளவு திருப்தி" என்றாள்.

செல்வராணி சிரித்தாள். "என்ன மதினி, உங்களுக்கு ஒடம்புக்கு என்ன?"

"ஓரளவு திருப்தி."

"கேலி பண்ணுதீங்களா?"

"ஓரளவு திருப்தி" என்றாள் ஆவுடைத்தாய், அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கிருந்து நான், "ஏட்டி, செல்வராணி, உனக்கு வாய் அடங்காதா?" என்று கத்தினேன், செல்வராணி பதிலுக்கு என்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள், அவள் வாயிலிருந்தும் "ஓரளவு திருப்தி" என்றுதான் வந்தது.

மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. வலது பக்கம் இருபது வீட்டிலும், பேசத் தெரிந்த பிள்ளையிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிற கிழவர் வரை, தானாகப் பேசினால் நன்றாகப் பேச முடிந்தது, சண்டை போட முடிந்தது, சாமி கும்பிட முடிந்தது, ஆனால் ஒரு கேள்வி என்று வந்து விழுந்துவிட்டால், எந்திரக்கல்லுக்குள் ஆணி விழுந்த மாதிரி வாய் அதிலேயே சிக்கி நின்றுவிடும், அந்தக் கேள்வியைக் கேட்டவர் தன் வாயால் 'சரி, விடு' என்று சொல்லித் திருப்பி எடுத்துக்கொள்ளும் வரை வேறு ஒரு சொல்லும் வெளியே வராது, 'ஓரளவு திருப்தி' என்ற இரண்டு சொல்தான் வரும். எழுதிக் காட்டலாம் என்று பார்த்தோம், கையும் அதையேதான் எழுதியது.

ஊர் இதற்காக ஓடிப்போய்விடவில்லை. பூசாரி வந்து திருநீறு போட்டார், கையை விரித்துவிட்டுப் போனார், அதோடு சரி. பஞ்சாயத்துத் தலைவர் வந்து பார்த்தார், மேலே எழுதுகிறேன் என்றார். மற்றபடி தெரு தன் நடையை மாற்றிக்கொண்டது. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்றானது. "என்ன குழம்பு" என்று கேட்காமல், "உங்க வீட்டுல கத்திரிக்காய் வாசம் வருது" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றால், அந்தப் பக்கமிருந்து "ஆமா, புளி கொஞ்சம் கூடிப்போச்சு" என்று தானாக வரும். பழக்கதோஷத்தில் யாராவது கேட்டுவிட்டால் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு "சரி, விடுங்க" என்பார்கள். ஆவணி மாதத்துக்குள் எங்கள் தெருவில் அதிகம் காதில் விழுந்த சொல் அதுதான், குழந்தைகள் அதை வைத்து ஓடிப்பிடித்து விளையாடக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் தெருவுக்கு வெளியே உலகம் கேள்வியால் அல்லவா நடக்கிறது. பேங்கில் கேட்கிறான், ரேஷன் கடையில் கேட்கிறான், பள்ளிக்கூடத்தில் கேட்கிறான், பெண் பார்க்க வருகிறவன் கேட்கிறான். அதற்கும் ஊர் வழி கண்டது. கேள்வியே படாத இடது பக்கத்துக்காரர்களுக்கு வாய் நன்றாக இருந்தது. அவரவர் எதிர்வீடு அவரவருக்கு வாய் கொடுப்பது என்று பேசி முடித்தார்கள். செல்வராணி பேங்குக்குப் போனால் அவள் எதிர்வீட்டு அந்தோணியம்மா கூடப் போய் அவளுக்காகப் பதில் சொல்வாள். இத்தனை வருஷமாக ஒரு பிளாஸ்டிக் டப்பாகூடக் கிடைக்காமல் வயிறெரிந்து கிடந்த இடது பக்கத்துக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். அதிலும் தப்பு நடக்காமல் இல்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் அந்தோணியம்மா, செல்வராணியின் மகளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று தன் பிரியத்துக்குச் சொல்லிவிட்டாள், அந்தப் பெண் பூத்தட்டைத் தூக்கி எறிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இன்னொரு தப்பும் நடந்தது, அதுதான் பெரிய தப்பு. புரட்டாசிக்கு முந்தி ஒரு கல்யாணப் பந்தியில் வலது பக்கத்துக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, பரிமாறுகிறவன் ரச வாளியோடு வந்து, "ரசம் வேணுமா?" என்று கேட்டான், நாங்கள் எல்லாரும் "ஊத்து", "போதும்", "தெளிவா ஊத்துப்பா" என்று சொன்னோம். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. பந்தியில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். ரசத்தில்தான் மருந்து இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. அன்றிலிருந்து பேங்குக்குப் போகிறவன் சொம்பில் ரசம் கொண்டுபோனான், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு மிளகு தூக்கலாக ரசம் கொடுத்து அனுப்பினார்கள். ஒருத்தருக்கும் வாய் திறக்கவில்லை. மிளகு குறைச்சல், பெருங்காயம் கூட்டிப் போடு என்று அதிலேயே நின்றார்கள்.

பத்தொன்பது வீட்டுக்கு இரவல் வாய் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை. காரணம் நான்.

"எதிர்த்த வீட்டுல என் கூடப்பிறந்தவன் இருக்கான்" என்பாள் ஆவுடைத்தாய், கேள்வியாக இல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அவன் வாய் என் வீட்டு வாசலுக்குள்ள வரக் கூடாது" என்பேன்.

பதினோரு வருஷத்துக்கு முன் சுடலைமணி அந்த வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சினான். அக்கா புருஷன் நான், முதல் பத்திரிகையைத் தட்டில் வைத்து என் கையில் தந்திருக்க வேண்டும், அவனோ நான் மில்லில் இருக்கிற நேரம் பார்த்து வந்து, அரிசிப் பானை மூடிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் பால் காய்ச்சுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அவன், அத்தான் ஏன் வரவில்லை என்று ஆள் மூலம் கேட்டுவிட்டான், கோயில் வாசலில் வைத்துக் கேட்டான், தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று சத்தமாகக் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அப்போதெல்லாம் எனக்கு வாய் நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் ஆவுடைத்தாய்க்குக் காலில் கருவேல முள் ஏறியது. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். இரண்டாம் நாள் நொண்டினாள். வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும் அல்லவா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நாலாம் நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. பாதம் பணியாரம் மாதிரி உப்பி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது, உடம்பு அனலாக இருந்தது. ஆட்டோ பிடித்து நாலு மைல் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

சின்ன வயசு டாக்டரம்மா. அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஓரளவு திருப்தி" என்றாள் ஆவுடைத்தாய்.

டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்னங்க இது? ஏதாவது ஊசி மருந்து இவங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

"ஓரளவு திருப்தி" என்றேன்.

"விளையாடுற நேரமா இது?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் அவர் காதில் சொன்னாள்: "டேங்க் தெரு ஆளுங்க டாக்டர், வலது பக்கம். இவங்களுக்கு எதிர்வீட்டு ஆள் கூட வரணும், அவங்கதான் சொல்லுவாங்க. கேட்டத விட்டுட்டேன்னு சொல்லுங்க, தானாப் பேசுவாங்க."

டாக்டரம்மா ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். "சரி, விட்டுட்டேன்" என்றார்.

ஆவுடைத்தாய் உதட்டை நனைத்துக்கொண்டாள். "ஒம்பது வயசுல ஒரு ஊசி போட்டாக... மூச்சு நின்னுபோச்சு... செத்துப் பொழைச்சேன். இனிமே இந்த ஊசி போடக் கூடாதுன்னு சீட்டு எழுதிக் குடுத்தாக. பேரு எனக்குத் தெரியாது. சீட்டு அம்மா போட்டோவுக்குப் பின்னால சொருவியிருக்கு. சுடலை வீட்டுல."

இது என்றைக்கோ ஒருநாள் அவள் சொல்ல ஆரம்பித்ததுதான். சுடலை என்ற பெயர் வந்ததும் நான் எழுந்து போய்விட்டேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார், கேட்கவில்லை, சொன்னார்: "எங்கிட்ட ரெண்டு ஊசி இருக்கு. எது அந்த ஊசின்னு தெரியாம எதையும் போட மாட்டேன். அந்தக் கோடு தொடைக்கு ஏறிக்கிட்டு இருக்கு. ஒரு மணி நேரம் பார்ப்பேன். அதுக்கப்புறம் நான் ஏதாவது ஒண்ணை எடுத்துத்தான் ஆகணும். சீட்டைக் கொண்டு வாங்க."

போன் நம்பர் என்னிடம் இல்லை, அவள் போனில் இருக்கிறது, போன் வீட்டில் கிடக்கிறது. அதே ஆட்டோவில் திரும்பினேன். அதற்குள் தெருமுனையில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள், ஆட்டோ நின்றுவிட்டது. உச்சி வெயிலில் ஓடினேன். அறுபத்தாறு வயசு. தொட்டி தாண்டி, ஒன்று, இரண்டு என்று வலது பக்கத்து வீடுகள் போக, பதினோராவது வீட்டுக்கு எதிரில், பதினோரு வருஷமாக நான் முகம் திருப்பிக்கொண்டு கடந்த அந்தக் கேட்டின் முன்னால் போய் நின்றேன். சுடலைமணி முற்றத்தில் குந்தி ஸ்பீக்கர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அடேயப்பா. யாரு வந்திருக்கது? என்ன விசயம்?"

"ஓரளவு திருப்தி."

அவனுக்கும் எங்கள் பக்கத்து வியாதி தெரியும், தெரிந்துதான் எழுந்து வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்பவாவது வந்தீரே. சரி, இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போவும். அன்னைக்குப் பால் காய்ச்சுக்கு ஏன் வரல?"

"ஓரளவு திருப்தி."

"ஏன் அத்தான் வரல?"

"ஓரளவு திருப்தி."

கதவுகள் திறந்தன. செல்வராணி வந்தாள், அந்தோணியம்மா வந்தாள், இரண்டு பக்கமும் ஜனம் சேர்ந்தது. என் கண்ணைப் பார்த்ததும் செல்வராணிக்கு ஏதோ புரிந்துவிட்டது. "ஏ சுடலை, கேட்டத விட்டுரு. அண்ணாச்சி என்னமோ சொல்ல வந்திருக்காரு" என்று கத்தினாள்.

"விட மாட்டேன். பதினோரு வருசமாக் கேக்கேன் மதினி. என் அக்கா புருசன், என் வீட்டுல மொதப் படி ஏற வேண்டிய மனுசன், எதிர்த்தாப்புல இருந்துக்கிட்டு வரல. பதில் வரட்டும், அப்புறம் விடுதேன்."

நான் குனிந்து என் காலைத் தொட்டுக் காட்டினேன். பாதத்தைக் காட்டினேன், முழங்காலைக் காட்டினேன், கோடு இழுத்துக் காட்டினேன்.

"கால்ல விழப் போறீரா? விழும். நான் தடுக்க மாட்டேன்."

யாரோ, "ரசம், ரசம்" என்றார்கள். அந்தோணியம்மா தன் வீட்டுக்குள் ஓடி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தை டம்ளரோடு கொண்டுவந்து என் கையில் திணித்தாள். நான் அதை ஒரே மடக்காகக் குடித்தேன். நாக்கு வெந்தது, தொண்டை வெந்தது, கண்ணில் நீர் கொட்டியது, ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தது.

"ஓரளவு திருப்தி" என்றேன்.

டம்ளரை அந்தோணியம்மாவிடம் திருப்பிக் கொடுத்தபோது அது காலியாக இருந்ததைப் பார்த்தேன். பந்தியில் ரசம் எங்கள் வயிற்றுக்குள் போகும் முன்பே நாங்கள் பதில் சொல்லியிருந்தோம். அப்போது ரசம் வாளியில்தான் இருந்தது. பரிமாறுகிறவன் வாளியைச் சாய்த்துக்கொண்டு, கரண்டியைத் தூக்கிக்கொண்டு, எங்கள் வாய் என்ன சொல்கிறதோ அதை அந்த நொடியே செய்வதற்கு நின்றான். சோப்பு, தேயிலை, சிக்னல் என்று வந்தவர்களில் ஒருத்தன்கூட அப்படி நின்றதில்லை. பதிலை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். சுடலை கேட்கிற கேள்வியும் அப்படித்தான், அதற்கு நான் என்ன பதில் சொன்னாலும் அவன் அதை வைத்துச் செய்யப்போவது ஒன்றுமில்லை.

கேட்டைத் தள்ளினேன். அந்தப் படியில் கால் வைக்க மாட்டேன் என்று குலசாமிமேல் சத்தியம் பண்ணியிருந்தேன், அந்தப் படியில் செருப்போடு ஏறினேன். உள்சுவர் ஆணியில் அவன் பைக் சாவி தொங்கியது. எடுத்துக்கொண்டு வந்து அவன் வலது கையை இழுத்து, உள்ளங்கையில் சாவியை வைத்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கி, பைக் பக்கம் தள்ளினேன்.

அவன் சாவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த கோபம் நகர்ந்தது. ஒரு காலைத் தூக்கி வண்டிமேல் போட்டான்.

"எங்க போணும்?" என்றான்.

"ஆஸ்பத்திரிக்கு" என்றேன். "அக்காவுக்குக் கால் அழுகுது, ஊசி போடணும், எந்த ஊசி ஆவாதுன்னு தெரியல, சீட்டு அம்மா போட்டோவுக்குப் பின்னால இருக்கு, எடு, எடு, எடு."

என் வாய் திறந்ததைப் பார்த்துத் தெரு சத்தம் போட்டது. நாங்கள் நிற்கவில்லை. அவன் போட்டோவைச் சுவரிலிருந்து பிடுங்கியபோது கண்ணாடி உடைந்தது, பழுப்பேறிய சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி, முடிவே இல்லாத கூட்ஸ் வண்டி. ஒவ்வொரு பெட்டியாகப் போய்க்கொண்டிருக்க, அவன் திரும்பாமலே சொன்னான்:

"நான் கேட்டத எடுத்துக்கிட்டேன் அத்தான். சரி, விடும்."

பதினோரு வருஷத்துக் கேள்வி. அதை அவன் எடுத்துக்கொண்டதும் என் தொண்டையில் ஒரு ஆணி கழன்றது. யாரும் கேட்காமலே சொன்னேன்.

"வாசல் வரைக்கும் வந்தேன் சுடலை. உனக்குன்னு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கையில வச்சிருந்தேன். உள்ள அக்கா சிரிச்சுக்கிட்டு இருந்தா. என் வீட்டுல அவ ஒருநாளும் அப்படிச் சிரிச்சதில்ல. திரும்பிப் போயிட்டேன்."

கேட் தூக்கியதும் சுடலை வண்டியை முறுக்கினான்.

நாங்கள் போனபோது டாக்டரம்மா ஊசி ஒன்றில் மருந்தை ஏற்றி ட்ரேயில் வைத்திருந்தார். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பிறகு ஏற்றி வைத்திருந்த ஊசியை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். மற்றொரு சீசாவை உடைத்தார். சுடலைமணி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கோடு மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே இறங்கியது, பத்தாம் நாள் மறைந்தது.

ஆவுடைத்தாய் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம் ரூபி வந்தாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. டேங்க் தெருப் பதிலெல்லாம் ஒன்றுபோல இருக்கிறது, வீடு வீடாகப் போகாமல் தொட்டி நிழலில் உட்கார்ந்து நீயே எழுதிவிட்டாய் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம், இன்னும் ஒரு தடவைதான், அதற்கும் இப்படி வந்தால் வேலை இல்லையாம்.

ஆவுடைத்தாய் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் ரசத்தையும் வாளியையும் பற்றி ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அவள் தேயிலைப் பாக்கெட்டையும் கத்தரிக்கோலையும் எடுத்து ரூபியின் மடியில் வைத்தாள்.

"நீ கேக்கது தப்புன்னு சொல்லல தாயி. கேட்டு வாங்கிட்டுப் போன பதிலெல்லாம் எங்க போச்சுன்னு ஒருநாளும் வந்து சொல்லலையே. ஒரு வீட்டுக்கு ஒரு கேள்வி கேளு. கையில எதையாவது வச்சுக்கிட்டுக் கேளு."

ரூபிக்கு முதலில் புரியவில்லை. பிறகு கத்தரிக்கோலைத் திறந்து பாக்கெட்டின்மேல் வைத்தாள்.

"அக்கா, எந்த இடத்துல வெட்டினா உங்களுக்குத் தோது?"

"இந்த மூலையில. சாய்வா. கொஞ்சம்போல" என்றாள் ஆவுடைத்தாய், ரூபி அப்படியே வெட்டினாள், ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பாக்கெட்டு பல் படாமல் திறந்தது. அவள் அன்றைக்கு இருபது வீட்டுக்கும் கத்தரிக்கோலோடு போனாள். இருபது வீட்டிலும் வாய் திறந்தது, ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மூலையைக் காட்டியது. அந்தப் பாக்கெட்டுகளையே பதிலாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். கம்பெனி என்ன செய்தது என்று தெரியாது, அவள் வேலை போகவில்லை என்று மட்டும் தெரியும். மற்ற கம்பெனிக்காரர்கள் இன்னமும் வெறுங்கையோடு தொட்டியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், அவர்களுக்கு நாங்கள் பழைய பதிலைத்தான் சொல்கிறோம், அவர்களை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்கப்போவதில்லை.

சுடலைமணியை மன்னித்துவிட்டேனா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். பத்திரிகையை அவன் என் கையில்தான் தந்திருக்க வேண்டும்.

கட்டுப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறிக்குழம்பு, சாப்பிட நாங்கள் இரண்டே பேர். நான் பரணிலிருந்து இறக்கிய அந்தக் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் அவன் மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. ஆவுடைத்தாய் கொல்லை வாழையடியில் அரிவாளோடு நின்றாள். இரண்டு இலையை அறுத்துத் தோளில் போட்டிருந்தாள்.

"இங்காருங்க" என்று கூப்பிட்டாள். "ரெண்டு போதுமா, மூணாவது அறுக்கவா?"

அரிவாள் மூன்றாவது இலையின் தண்டில் பட்டும் படாமலும் நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறு" என்றேன்.